அறுவை வாணிகனும் ஒரு முழத் துணியும்

பழந்தமிழில் துணிக்கு இருந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கலிங்கம், துகில், மடி, தூசு என்று பக்கம் நிறைந்துவிட்டது. ஆனால் இந்த மாதம் முழுக்க 'அறுவை' என்ற ஒரே சொல்லில் நின்றுவிட்டேன்.

குறுந்தொகை 185ஆம் பாட்டைப் பாடியவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். துணி விற்றவர். அறுவை என்றால் இன்று நமக்குச் சிகிச்சையும் சலிப்பூட்டும் பேச்சும்தான் நினைவுக்கு வரும். துணிக்கு ஏன் இந்தப் பெயர்? 'அறு' என்பதே வேர் என்று படித்தும் மனதில் ஒட்டவில்லை.

சரி, நெய்தே பார்த்துவிடலாம் என்று ஒரு மரச்சட்டத்தில் ஆணி அடித்துப் பாவு, அதாவது நெடுக்கு நூல், கட்டினேன். முதல் தடவை ஊடையை, அதாவது குறுக்கு நூலை, இறுக்கி இழுத்ததில் இரண்டு ஓரமும் உள்வாங்கி, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கிவிட்டது. பிரித்துவிட்டு, அடுத்த முறை ஊடையைச் சாய்வாகத் தளர விட்டுச் சீப்பால் தட்டினேன். ஓரம் நேராக வந்தது. ஒரு முழம் நெய்ய மூன்று வாரம்.

சட்டத்தில் இருந்தவரை அது விறைத்துக்கொண்டு பலகை போலத்தான் இருந்தது. பாவு நூல்களைக் கத்தரியால் ஒவ்வொன்றாக அறுத்தேன். கடைசி நூல் அறுந்ததும் தொய்ந்து, மடங்கி, மடியில் விழுந்தது. அந்த நொடியில்தான் அது துணி ஆனது. அறுத்து எடுப்பதால் அறுவை! 'துணி'யும் அப்படித்தான், துணித்தல் என்றாலும் வெட்டுவதுதானே. துண்டும் அதே குடும்பம்.

அப்புறம் தேடல் வேகம் பிடித்தது. மதுரைப் பக்கத்து அழகர்மலைக் குகையில், பழைய தமிழ் எழுத்துமுறையான தமிழ்பிராமியில் பொறித்த கல்வெட்டுகளில் உப்பு வணிகன், கொழு (ஏர்முனை இரும்பு) வணிகனோடு அறுவை வணிகனும் இருக்கிறார். சுமார் 2000 ஆண்டுப் பழமை. சிலப்பதிகாரத்து மதுரையில் 'அறுவை வீதி' என்று ஒரு தெருவே உண்டு. பருத்தி, மயிர், பட்டு என மூன்றிலும் நெய்த மடிகள் அங்கே பல நூறாக அடுக்கிக் கிடக்கின்றன.

என்னை அசைத்தது பொருநராற்றுப்படை என்ற சங்கப் பாட்டுதான். சோழன் கரிகாலன் பொருநன் என்ற கலைஞனுக்குக் கொடுத்த அறுவை பாம்புரி, அதாவது பாம்பு உரித்த தோல், போன்றதாம். இழை ஓடும் வழியே கண்ணுக்குப் புலப்படாதாம். என் துணியில் ஒரு விரல் அகலத்துக்கு எட்டு இழை. எண்ணிப் பார்த்த பிறகு அந்த வரியைப் படித்தால் மலைப்பாக இருக்கிறது. அடுத்த பாவுக்கு இதைவிட மெல்லிய நூல் எடுத்து வைத்திருக்கிறேன்.