கடைசிக் கம்பத்து வீடு

கரண்ட் போனால் எனக்குக் கோபம் வருவதில்லை. வரும்போது வரட்டும் என்று திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வேன். இருந்தும் இல்லாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறதே, அந்தக் கரண்டோடுதான் எனக்குத் தீராத பகை.

சுரண்டைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. டிரான்ஸ்பார்மர் ஊருக்கு மேற்கே இருக்கிறது. எங்கள் வீடு கிழக்கே, கடைசிக் கம்பத்தில். வழியில் உள்ள வீடுகள், மாவு மில், கிணற்று மோட்டார்கள் எல்லாம் எடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. தோட்டத்து மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கினால் ஸ்டெபிலைசரில் 230 என்று காட்டிய எண் 170-க்கு இறங்கிவிடும். மின்னழுத்தம் கால் பங்கு குறைந்தால் மோட்டாரின் இழுவை ஏறக்குறையப் பாதியாகிவிடும். கிரைண்டர் கல் நகராமல் முனகும். உடனே அணைக்காவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். அதனால் அத்தை விடியுமுன் எழுந்து மாவாட்டிவிடுகிறார். உளுந்து ஊறவைக்கும் நேரத்தைக்கூட எங்கள் வீட்டில் கரண்ட்தான் தீர்மானிக்கிறது.

குண்டு பல்பு இருந்த காலத்தில் வெளிச்சம் மங்கினாலே விஷயம் தெரிந்துவிடும். எல்இடி பல்போ 150 வோல்ட்டிலும் ஒன்றும் நடக்காததுபோல் எரிகிறது. அதை நம்பினால் பிரிட்ஜின் கம்பிரசர் கிளம்ப முடியாமல் சூடேறிக்கொண்டிருக்கும்.

“ஒரு இன்வெர்ட்டர் போட்டால் தீர்ந்தது” என்று தென்காசியிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். போட்டோம். ஆனால் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் அது கரண்ட் போய்விட்டதென்று நினைத்துப் பேட்டரிக்கு மாறிவிடும். மதியமெல்லாம் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிட்டு, ராத்திரி உண்மையாகவே கரண்ட் போகும்போது கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். பின்பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருப்பதையும், அதைத் தள்ளினால் குறைந்த வோல்ட்டேஜையும் ஏற்றுக்கொள்ளும் என்பதையும் விற்றவர் சொல்லவில்லை. எலக்ட்ரீசியன் பையன்தான் சொன்னான். 75 வாட் மின்விசிறிகளைக் கழற்றிவிட்டு 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் விசிறிகளை மாட்டிய பிறகு, ராத்திரி முழுக்கக் காற்று வருகிறது.

ஆடிக் காற்று வேறு கதை. சுற்றிலும் காற்றாலைகள் ஜோராகச் சுழலும்; அதே காற்றில் எங்கள் கம்பிகள் உரசிப் பியூஸ் போகும். போன ஆடியில் கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி அறுந்து, சில வீடுகளில் விளக்கு மங்க, சில வீடுகளில் மின்னழுத்தம் எகிறியது. ஸ்டெபிலைசர் பிரிட்ஜைக் காப்பாற்றியது. டிவியைக் காப்பாற்ற ஆளில்லை. அந்தக் காற்றிலும் கம்பத்தில் ஏறி வேலை பார்த்த லைன்மேனை நான் குறை சொல்ல மாட்டேன்.

கிழக்குத் தெருவுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். எங்கே வைப்பது என்று கேட்டதும் தெருவே இரண்டாகிவிட்டது. எல்லோருக்கும் வேண்டும், தங்கள் வாசலில் மட்டும் வேண்டாம். அந்த ‘எங்கள் வாசலில் வேண்டாம்’ கட்சிக்கு அத்தைதான் தலைவி.