பின்வளவுக் கொட்டிலுக்கு நிலம்: கிடங்கு வெட்டியது முதல் மூன்றாவது மாரி வரை

அளவு 12 அடிக்கு 10 அடி. மேலே தகரக் கூரை. உள்ளே நிற்கப்போகிறவை நீர் இறைக்கும் இயந்திரம், உரப்பைகள், நெல் மூட்டை, விறகு, தோட்டச் சாமான்கள். சுவரும் கூரையும் பிறகு மாற்றக்கூடியவை. நிலம், அதாவது உள்ளே கால் வைக்கும் தளம், ஒருமுறை போட்டால் போட்டதுதான், அதனால் இந்தக் குறிப்பு முழுக்க நிலத்தைப் பற்றியது.

எந்த நிலம் என்று தெரிவு செய்வதில் நேரம் அதிகம் போகவில்லை. சாணி மெழுகிய மண் நிலம் மூட்டை அடுக்க ஆகாது, மாரியில் அடியால் ஈரம் ஏறும். பலகை மேடை பார்க்க நல்லது, ஆனால் செம்மண் வளவில் கறையானுக்குச் சாப்பாடு. பனையின் கறுத்த வைரம் தாங்கும் என்றாலும் பலகை அகலத்துக்கு வைரம் மட்டும் கிடைக்காது, உள்ளே இருக்கும் சோற்றிப் பகுதி உளுத்துப் போகும். பதிகல் போட்டால் இடுக்குகளால் ஈரமும் கறையானும் ஏறும். மிஞ்சியது கொங்கிறீட். அதைப் போடுவது சுலபம். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாம் கிடக்கிறது.

தை கடைசி வாரம்: இடம் பார்த்தல்

மாரி விட்டு நிலம் இறுகி, சோளகம் தொடங்க முன்னர் வரும் தை, மாசி, பங்குனிதான் யாழ்ப்பாணத்தில் கொங்கிறீட் போட நல்ல காலம். சோளகக் காற்றில் போட்டால் மேற்பரப்புத் தண்ணீர் ஆவியாகும் வேகத்துக்குக் கொங்கிறீட் ஈடுகொடுக்காது. இறுக முன்னரே மயிர் மயிராக வெடிக்கும்.

முதல் வேலை அலவாங்கு. 12 அடிக்கு 10 அடி இடத்தில் 2 அடிக்கு ஒரு குத்து, ஒவ்வொரு குத்திலும் எத்தனை அங்குலத்தில் கல் தட்டுகிறது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுவது. குடாநாட்டின் அடி முழுக்கச் சுண்ணாம்புக்கல், ஆனால் அதன் மேற்பரப்பு மட்டமாக இருப்பதில்லை. இந்த இடத்தில் வடகிழக்கு மூலையில் 7 அங்குலத்திலேயே கல் தட்டியது. தென்மேற்கில் 3 அடி போயும் மண்தான். இதைப் பார்க்காமல் நிலம் போட்டால் பாதி பாறையில் அசையாமல் நிற்கும், பாதி மண்ணோடு இறங்கும். கல் முடிந்து மண் தொடங்கும் கோட்டிலேயே வெடிப்பு விழும். எவ்வளவு சீமெந்து கூட்டினாலும் கம்பி போட்டாலும் அந்த வெடிப்பை நிறுத்த முடியாது.

அலவாங்கு எங்கேயாவது பொசுக்கென்று இறங்கினால் அந்த இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய குப்பைக் கிடங்கு, தென்னை அடி, வாழைக் கிடங்கு, மூடப்பட்ட பதுங்கு குழி எதுவாகவும் இருக்கலாம். எங்கள் வளவுகளில் கடைசியாகச் சொன்னது குறைவில்லை. உக்கிய மரக்குற்றி, மண்மூட்டைத் துணி முழுவதையும் எடுத்துவிட்டு, அடியிலிருந்து படைபடையாக நிரப்பி இடிக்க வேண்டும். ஆனால் பதுங்கு குழியைத் தோண்டும்போது அடையாளம் தெரியாத இரும்பு ஏதும் கண்டால் கை வைக்காமல் வேலையை நிறுத்தி, பொலிசுக்கு அறிவித்த பிறகுதான் அடுத்த மண்வெட்டி விழ வேண்டும்.

நிலத்தின் உயரத்தை மனக்கணக்கில் வைக்கக் கூடாது. 2008 நவம்பரில் நிஷா புயலுக்கு வளவில் வெள்ளம் எந்த மட்டத்தில் நின்றது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, மட்டக்குழாயால் அந்த மட்டத்தை ஒரு முளையில் குறித்தோம். முற்றத்து மண்ணிலிருந்து 4 அங்குலம் வந்தது. அதற்கு மேல் 6 அங்குலம் கூட்டி, நிலத்தின் மேல்மட்டம் மண்ணிலிருந்து 10 அங்குலம் என்று முடிவானது.

மாசி முதல் வாரம்: சுற்றுக்கட்டும் அடிப்படுக்கையும்

சுற்றிவர 12 அங்குல அகலம், 17 அங்குல ஆழத்தில் கான் வெட்டி, அடியில் 6 அங்குலத்துக்கு 1:3:6 கலவை (சீமெந்து, மணல், சல்லி என்ற வரிசையில்). இதற்கு உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல் சல்லியே போதும். அதன் மேல் 6 அங்குலத் தடிப்புச் சீமெந்துக்கல் இரண்டு வரி. 11 அங்குலம் மண்ணுக்குள், 6 அங்குலம் வெளியே. கல் 62 போனது, உடைவுக்கும் சேர்த்து 66 எடுத்தால் சரி. பாறை தட்டிய மூலையில் 17 அங்குலம் போகவில்லை. அங்கே பாறையைக் கழுவி, கலவையால் மட்டம் பிடித்து, அதன் மேல் கல்லை வெட்டி வைத்தாயிற்று.

சுற்றுக்கட்டுக்குள் மேல்மண் 4 அங்குலம் முழுவதும் வெளியே. புல்வேர் ஒன்றும் மிஞ்சக் கூடாது. வேர் உக்கினால் அந்த இடம் பொள்ளலாகும். பாறை நிற்கும் மூலையில் பாறைக்கும் கொங்கிறீட்டுக்கும் நடுவே நொறுக்குக்கல் மெத்தை இருந்தே ஆக வேண்டும். இங்கே 10 அங்குலம் நிரப்பு வருவதால் அது தானாகவே அமைந்தது. நிலத்தைத் தாழ்வாகப் போடுகிறவர்கள் பாறையின் தலையைச் செதுக்கியாவது 3 அங்குல மெத்தைக்கு இடம் எடுக்க வேண்டும்.

நிரப்புக்குச் சுண்ணாம்புக்கல் நொறுங்கு, தூளோடு சேர்ந்தது. தூள் இல்லாத வெறுங்கல் இறுகாது. தூள் நனைந்து இடிபட்டால் கட்டி போலப் பிடிக்கும். 4 அங்குலம் பரப்பி, பூவாளியால் நனைத்து, திமிசுக்கட்டையால் 3 அங்குலமாக இடிக்க வேண்டும். இப்படி மூன்று படை. 9 அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே இடித்தால் அடியில் உள்ள படை இளகியே இருக்கும். இடித்து முடிந்ததா என்று அறிய, அலவாங்கை இடுப்பு உயரத்திலிருந்து விட்டுப் பார்க்கலாம். கிணுங்கென்ற சத்தத்தோடு அரை அங்குலத்துக்குள் நின்றால் போதும். ஒரு கியூப் (100 கன அடி) நொறுங்கு கணக்காக முடிந்தது. மேலே 1 அங்குலம் மணல், கல்லின் கூர் பொலித்தீனைக் குத்தாமல் இருக்க.

பொலித்தீன் 1000 கேஜ். இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று 1 அடி ஏறி வர வேண்டும். சுற்றுக்கட்டின் மேலாகவும் விரித்து வெளியே விட்டு, வேலை முடிய வெட்டிவிடலாம். கொங்கிறீட் சுற்றுக்கட்டின் மேலேயே ஏறி நிற்கும்படி போட்டதற்குக் காரணம் கறையான். கல்லுக்கு உள்ளே போட்டால் கல்லுக்கும் நிலத்துக்கும் நடுவே சுற்றிவர ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளி கறையானுக்கு நேரான பாதை.

கறையானுக்கு மண்ணில் மருந்து ஊற்றும்படி பலர் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது வெடிப்புகளால் கிணற்றுத் தண்ணீரில் போய்ச் சேரும். குடிக்கிற தண்ணீர் அது. இந்த வேலையில் மருந்து ஒரு சொட்டும் பாவிக்கவில்லை. மற்றவர்களும் பாவிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மாசி இரண்டாம் வாரம்: கொங்கிறீட்

தடிப்பு 4 அங்குலம், கலவை 1:2:4. மொத்தம் 40 கன அடி. சீமெந்து 50 கிலோப் பை 8, மணல் 20 கன அடி, முக்கால் அங்குலக் கருங்கல் சல்லி 40 கன அடி. அடிக்கலவையையும் கல்கட்டுச் சாந்தையும் சேர்த்தால் முழு வேலைக்கும் 12 பை, மணல் அரைக் கியூப். குடாநாட்டுக்குள் கருங்கல் இல்லை, சல்லி வன்னிப் பக்கமிருந்துதான் வர வேண்டும். வாங்கும்போது சல்லியில் ஒட்டியிருக்கும் தூளைப் பாருங்கள். தூள் அப்பியிருந்தால் கழுவாமல் போடக் கூடாது.

மணல் ஆற்றுமணலாக இருக்க வேண்டும். கடற்கரை மணலும் மணற்காட்டுப் பக்கத்து மணற்குன்று மணலும் ஒரே நொய்யாக இருக்கும். கடற்கரை மணலில் உப்பு வேறு. ஒரு போத்தலில் பாதிக்கு மணலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்தால் மேலே வண்டல் படியும். மணல் உயரம் 4 அங்குலமென்றால் வண்டல் கால் அங்குலத்துக்குமேல் போகக் கூடாது. இங்கே முதலில் வந்த மணலில் அரை அங்குலம் நின்றது. திருப்பி அனுப்பியாயிற்று.

தாச்சியால் அள்ளிப் போடும்போது கை அளவு மாறும். உள்ளளவு 15, 12, 12 அங்குலத்தில் ஒரு பெட்டி அடித்தால் அது ஒரு பைச் சீமெந்தின் அளவு. பைக்கு இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி சல்லி. தண்ணீர் பைக்கு 25 லீற்றர், மணல் ஈரமென்றால் 22. கலக்கிறவர்கள் வேலை சுகத்துக்காக இன்னொரு வாளி கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. கூடின தண்ணீர் போன இடமெல்லாம் துளையாகும், மேலே தூசி பறக்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம்.

கம்பி வலை போடவில்லை. இந்த அளவுக்கு, சீராக இடித்த படுக்கைக்கு அது தேவையில்லை. கடற்காற்று ஊரில் மேலே 2 அங்குல மூடல் இல்லாமல் கிடக்கும் கம்பி துருவேறிப் பருத்து, தானே நிலத்தை வெடிக்கவைக்கும். அதற்குப் பதிலாக 12 அடி நீளத்தின் நடுவே ஒரு பொருத்து. மட்டப்பலகை இழுத்த கையோடு, 1 அங்குல அகல இரும்புப் பட்டத்தை நூல் பிடித்து நெட்டுக்குத்தாக அழுத்தி, இறுகத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். கொங்கிறீட் சுருங்குவதை யாராலும் தடுக்க முடியாது. வெடிப்பு எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் சொல்லலாம்.

வேலை பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கியது. வாசல் பக்கம் 1¼ அங்குலச் சரிவு, 10 அடித் தூரத்தில் அடிக்கு 1/8 அங்குலம் வீதம். மட்டப்பலகை இழுத்த பிறகு மேலே ஒரு நீர்ப்படலம் வந்து நிற்கும். அது தானாக வற்றி, மேற்பரப்பின் மினுக்கம் போகும்வரை தேய்க்கக் கூடாது. பிறகு மரத் தேய்ப்புப் பலகையால் தேய்த்து, தும்புத்தடியால் மெல்லமாக ஒரு இழுவை. கடைசி 3 அடிக்கு வந்தபோது இருட்டிவிட்டது. நீர் வற்றக் காத்திராமல், அதன் மேல் வெறும் சீமெந்தைத் தூவி மினுக்கிவிட்டார்கள். அதன் விலை பின்னால் வருகிறது.

அடுத்த நாள் காலை முதல் 10 நாள், சாக்கு விரித்து நாளுக்கு மூன்று முறை நனைப்பு, மேலே படங்கு. சாக்கு காய்ந்து மறுபடி நனைவதை விட, படங்கின் கீழே ஈரம் மாறாமல் இருப்பதே முக்கியம். 28 நாள் கழிந்து, பொருத்தைத் துடைத்துத் தூசி எடுத்து, உருக்கிய தார் விட்டாயிற்று.

முதல் ஆறு மாதம்

மினுக்கிய 3 அடியும் ஆவணியில் செதிள் செதிளாகக் கிளம்பத் தொடங்கியது. மற்ற 9 அடியில் ஒரு கீறல் இல்லை. நீர்ப்படலத்தில் தூவிய சீமெந்து, அடியோடு ஒட்டாமல் மெல்லிய தோலாக நின்றதே காரணம். அதற்கு மேலே மீண்டும் சீமெந்துப் பால் பூசினால் அதுவும் கிளம்பும். செய்தது: கிளம்பிய பகுதியைச் சுற்றிச் சதுரமாக வெட்டி, முக்கால் அங்குல ஆழத்துக்குக் கொத்தி, கழுவி, ஓர் இரவு முழுக்க ஈரமாக வைத்து, தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்து, எஸ்.பி.ஆர். (சாந்து ஒட்டுவதற்கான செயற்கை இறப்பர்ப் பால்) கலந்த சீமெந்துப் பாலைத் தூரிகையால் தேய்த்து, அது காய முன்னரே 1:3 சாந்து. விளிம்பை ஒன்றுமில்லாமல் தேய்த்து முடிக்கக் கூடாது. அந்த மெல்லிய விளிம்புதான் முதலில் உதிரும்.

நிலம் கொஞ்சம் தூசி விடுவது வேறு பிரச்சினை. சோடியம் சிலிக்கேட் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, நாளுக்கு ஒரு பூச்சாக மூன்று நாள் பூசினால் நின்றுவிடும்.

முதல் மாரியும் இரண்டாவது மாரியும்

ஈரம் ஏறுகிறதா என்று அறிய, கார்த்திகை நடுவில் 18 அங்குலச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு பகலும் இரவும் விட்டது. அடியில் வியர்வை இல்லை. கூரைத் தண்ணீர்தான் தொல்லை தந்தது. தாவாரத்துத் தண்ணீர் விழுந்து தெறித்து சுற்றுக்கட்டின் ஓரத்து மண்ணைக் கிண்டியது. பீலி போட்டு, தண்ணீரை 6 அடி தள்ளி விட்டதும் நின்றது.

கறையான் வந்தது எதிர்பாராத இடத்தால். உருளைவண்டிக்காக வாசலில் 5 அடி நீளச் சரிவுப்பாதை போட்டு, அதை நிலத்தோடு முட்டவிட்டிருந்தது. இரண்டாவது மாரி முடிய, அந்த முட்டுக்குள்ளால் மண்பாதை ஏறி வாசல் நிலையைத் தொட்டிருந்தது. சுற்றிவர 10 அங்குல விளிம்பு வெளித்தெரிய விட்டு, வாசலில் மட்டும் அதை மறைத்தது பிழை. சரிவுப்பாதையின் தலையில் 2 அங்குலம் வெட்டி நீக்கி, இடைவெளியின் மேல் கழற்றக்கூடிய செக்கர் பிளேட் ஒன்று. இப்போது தகட்டைத் தூக்கினால் விளிம்பு தெரியும்.

பராமரிப்பில் உண்மையில் செய்வது இந்த விளிம்புச் சோதனைதான். மாதம் ஒருமுறை கொட்டிலைச் சுற்றி நடந்து, மண்பாதை கண்டால் சுரண்டி, எங்கே தொடங்குகிறது என்று தேடுவது. விளிம்போடு விறகோ கிடுகோ பொச்சுமட்டையோ சாத்துவதில்லை. உள்ளேயும் சுவரிலிருந்து 1 அடி தள்ளித்தான் மூட்டை.

உரப்பைக்குத் தனிக் கவனம் வேண்டும். அமோனியம் சல்பேற் கொங்கிறீட்டை அரிக்கும். யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்து வடியும். 4 அங்குல உயரத்தில் பனஞ்சலாகை அடுக்கி, அதன் மேல் பொலித்தீன் விரித்து, அதற்கு மேல்தான் பை. சிந்தினால் முதலில் ஈரம் படாமல் காய்ந்தபடியே கூட்டி அள்ள வேண்டும், பிறகே தண்ணீர். இயந்திரத்தின் கீழ் ஒரு தகரத் தட்டில் மணல். எண்ணெய் நிலத்தில் ஊறினால் பிறகு எந்தச் சாந்தும் அங்கே ஒட்டாது.

மூன்றாவது மாரி

பொருத்தின் அடியில் எதிர்பார்த்தபடி ஒரு வெடிப்பு ஓடியிருக்கிறது. வேறு ஒன்று, பாறை மூலையிலிருந்து ஒன்றரை அடி, மயிரளவு. அதன் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதியது, நாலு மாதமாக விரியவில்லை. பக்கம் ஒன்று தாழவும் இல்லை. அதனால் கை வைக்கவில்லை. விரிந்தால் சீமெந்து அடைக்கப் போவதில்லை. அசையும் வெடிப்பில் சீமெந்து நிற்காது, இழுபடும் சீலன்ட்தான் வேண்டும். பொருத்துத் தார் ஒரு முழ நீளத்துக்குச் சுருங்கி விலகியிருக்கிறது. தை வெயிலில் சுரண்டி எடுத்து மறுபடி விட வேண்டும்.