மடவைக் குஞ்சு கழி ஏறும் காலம்

மழை ஓய்ந்து வாடைக்காற்று தணியத் தொடங்கும் தை, மாசியில் ராமநாதபுரம் கடற்கரையின் உப்பங்கழிகளில் ஒரு வலசை நடக்கிறது. கடலில் பொரித்த மடவை மீன் குஞ்சுகள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவில் கூட்டம் கூட்டமாக உப்பாறுகளுக்குள் ஏறும். பாலத்தின் மேல் பைக்கில் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

வலசை மீன் என்றதும் எல்லோரும் சொல்வது சால்மனைத்தான். குளிர்நாட்டு ஆற்றில் பொரித்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆறு ஏறும் மீன் அது. நம் பக்கத்து மீன்கள் பலவற்றுக்கு இந்தப் பாதை தலைகீழ். மடவை, பால்மீன், கொடுவா, விலாங்கு நான்கும் கடலிலோ கழிமுகத்திலோ முட்டையிடுகின்றன. உள்ளே ஏறி வருவது குஞ்சு. வளர்ந்த சால்மன் ஆறடி அருவியையும் தாவிவிடும். மடவைக் குஞ்சு சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. ஒரு சாண் உயரச் சிமென்ட் படி போதும், அதன் பயணம் அங்கேயே நின்றுவிடும். அணையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்த ஒரு சாணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் கையால் சரிசெய்ய முடிவதும் அதுதான்.

வைகை 258 கிலோமீட்டர் ஓடி வந்தாலும் பெரும்பாலான ஆண்டுகளில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. நல்ல வெள்ளம் வந்தால்தான் அழகன்குளம் பக்கம் ஆற்றங்கரையில் பாக் விரிகுடாவைத் தொடும். ஆறு வராத ஆண்டிலும் மழைநீர் வடியும் சிற்றோடைகள் இருக்கின்றன. நன்னீர் கொஞ்சம் கலந்தாலே குஞ்சுகள் அந்தத் திசைக்குத் திரும்பும். தேவிபட்டினம், தொண்டி பக்கத்து ஓடைகளும் மன்னார் வளைகுடாப் பக்கம் மூக்கையூரும் பார்ப்பதற்கு ஏற்றவை. புதிதாகப் பார்க்கிறவர்கள் காரங்காடு அலையாத்திக் காட்டில் தொடங்கலாம். வனத்துறையே படகு விடுகிறது.

எப்போது போவது? அமாவாசை, பௌர்ணமி கழிந்த மூன்று நாட்களில், கடல் ஏற்றம் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம். பாக் விரிகுடாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் அட்டவணையை மட்டும் நம்பக் கூடாது. வாடை பலமாக அடித்தால் தண்ணீர் கரைப்பக்கம் குவிந்து, ஏற்றம் முன்கூட்டியே வந்துவிடும். வெயில் முதுகில் விழும்படி உட்காருங்கள், ஆனால் நிழல் தண்ணீரில் படக் கூடாது. நிற்பதைவிட உட்காருவது நல்லது. போலராய்டு கண்ணாடி இருந்தால் மேற்பரப்பின் பளபளப்பு போய் உள்ளே தெரியும்.

மடவைக் குஞ்சு கரையை ஒட்டி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, வெள்ளிப் பக்கங்கள் மின்ன நெருக்கமாகப் போகும். முதுகில் இரண்டு துடுப்பு, நடுவில் நல்ல இடைவெளி. பால்மீன் குஞ்சு பங்குனி முதல் வைகாசி வரை வரும். ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டிய கண்ணாடி உடம்பு. பார்வைக்குப் படுவது இரண்டு கறுப்புக் கண்ணும் வயிற்றில் ஒரு புள்ளியும் மட்டும். கொடுவாக் குஞ்சு பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு ஓடும். விலாங்குக் குஞ்சு இரவில்தான் நகரும். நூல் போல இருக்கும், பகலில் கல்லடியில் புகுந்துவிடும். அதைப் பார்க்கச் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் வேண்டும். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஒதுங்கிப் போய்விடும்.

எண்ணுவதற்கு ஒரு எளிய வழி: ஓடை குறுகும் இடத்தில், ஓரடி அகலம் மூன்றடி நீளத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்த பலகையைக் கல் வைத்து அடியில் அமிழ்த்துங்கள். அதைக் கடக்கும் குஞ்சுகளைப் பத்து நிமிடம் எண்ணி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி எண்ணுங்கள். பெருங்கூட்டம் வந்தால் முதலில் பத்து மீனைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது போல எத்தனை பத்து என்று பாருங்கள். தேதி, திதி, காற்று, நீரின் வெப்பம், உப்பளவு எல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும். உப்பளவுக்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கருவியில் ஒரு சொட்டு போதும்; கடல்நீர் ஆயிரத்துக்கு 35 பங்கை ஒட்டிக் காட்டும்.

இனி தடைகள். சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலத்தின் கடல்பக்க வாயைப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்து விழுந்து கீழே குழி பறித்து, வாய் அந்தரத்தில் நிற்கும். குழாய்க்குள் வேகமும் அதிகம். இந்தக் குஞ்சுகள் தங்கள் நீளத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்தை ஒரு நொடியில் கடப்பதே பெரிது, அதுவும் சில நொடிகளுக்குத்தான். மூன்று சென்டிமீட்டர் குஞ்சுக்கு அது நொடிக்கு 30 சென்டிமீட்டர். காய்ந்த இலை ஒன்றை விட்டு, மூன்று மீட்டர் கடக்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பத்து நொடிக்குள் கடந்தால் அந்த இடம் குஞ்சுக்கு மூடிய கதவு.

தீர்வு, குழாய் வாய்க்குக் கீழே ஒரு கல் சரிவு. சரிவு இருபதுக்கு ஒன்று: 15 சென்டிமீட்டர் இறக்கத்துக்கு மூன்று மீட்டர் நீளம். கால்வாய் நீர்வளத்துறையுடையதா ஊராட்சியுடையதா என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கல்லைத் தொடுங்கள். அடியில் களிமண்ணும் சரளையும் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கல்லுக்குக் கீழே புகுந்து ஓடி, மேலே காய்ந்து கிடக்கும். இதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தேங்காய் அளவுக் கல்லைப் பரப்பி, கீழ்க்கோடியில் இரண்டு ஆள் தூக்கும் கற்களைப் பாதி புதைத்து நிறுத்துங்கள். இல்லையென்றால் ஐப்பசியின் முதல் வெள்ளமே எல்லாவற்றையும் உருட்டிவிடும். நடுவில் ஒரு கைப்பிடி அகலத்துக்குத் தாழ்வான வழி விட்டால், தண்ணீர் குறைந்த நாளிலும் ஆழம் கிடைக்கும். பிளாஸ்டிக் சாக்கில் மணல் கட்டி அடுக்காதீர்கள். வெயிலில் நார்நாராகக் கிழிந்து கழி முழுக்கப் பரவும்.

விலாங்குக் குஞ்சுக்குக் கல் சரிவுகூட வேண்டாம், ஈரமான சொரசொரப்பு இருந்தால் ஏறிவிடும். தடித்த தென்னங்கயிறு மூன்று நான்கை இழை பிரித்துத் தடுப்பின் மேல் போட்டு, இரு நுனியும் தண்ணீரில் இருக்கும்படி கட்டுங்கள். கயிறு முழுதும் நனைந்திருக்க வேண்டும். நடுவில் காய்ந்தால் ஏறும் குஞ்சு அங்கேயே ஒட்டிச் சாகும். மேலே பனை ஓலை போட்டால் கொக்கு கொத்தாது. ஒரு பருவத்துக்குப் பிறகு கயிறு மக்கும், மாற்றுங்கள்.

புரட்டாசிக்குள் குழாய் வாயில் அடைத்த சீமைக்கருவேல முள்ளையும் பிளாஸ்டிக்கையும் இழுத்துப் போடுவது இதையெல்லாம்விடச் சுலபம், பலனும் அதிகம். இரும்புக் கொக்கி கட்டிய மூங்கிலும் தடித்த செருப்பும் போதும்.

கொசுவலை போட்டுக் குஞ்சு வாருவது தனிப் பிரச்சினை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் கடலில் விசைப்படகுக்கு. பால்மீன் குஞ்சு கழிக்குள் வரும் அதே நாட்களில் கழியில் இழுக்கும் வலையை அது தொடாது. வலை போடுகிறவர்களும் அன்றாடப் பிழைப்புக்காரர்கள். புகார் மனுவோடு போவதைவிட, அண்ணாச்சி, அக்கா என்று உட்கார்ந்து பேசி, ஓடை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்து விடவும், ஏற்றத்தின் முதல் ஒரு மணி நேரம் வலையைத் தூக்கி வைக்கவும் கேட்டால் நடக்கும். நாளை அவர்கள் தூண்டிலில் படப்போவதும் இந்தக் கொடுவாதான். இறால் பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு: மோட்டார் உறிஞ்சும் குழாய்க்கு இரண்டு மில்லிமீட்டர் கண்ணுள்ள பெரிய கூண்டு. கூண்டின் மேல் உள்ளங்கை வைத்தால் இழுப்பு தெரியக் கூடாது. தெரிந்தால் குஞ்சு அதில் ஒட்டிக்கொள்ளும், கூண்டை இன்னும் பெரிதாக்க வேண்டும்.

முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். உள்நீர் கடலைவிட உயரமாக இருக்கும்போது, வற்றம் தொடங்கியதும் ஒரு மீட்டர் அகலத்துக்கு வெட்டினால் தண்ணீரே மிச்சத்தை அகலப்படுத்தும். அட்டமி, நவமியை ஒட்டி வெட்டினால் இழுப்பு போதாமல் சில நாளில் மணல் மூடிவிடும். எங்கே, எப்போது என்று கரைவலைக்காரர்களைக் கேளுங்கள்.

புதிய குழாய்ப் பாலத்துக்கு மதிப்பீடு போடும்போதே கிராமசபையில் எழுந்து பேசுங்கள். குழாயின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஓடைத் தரைக்குக் கீழே புதைக்கச் சொல்லுங்கள்: ஒரு மீட்டர் குழாய் என்றால் 20 சென்டிமீட்டர். மணல் உள்ளே படிந்து அடி தரையாகவே இருக்கும். புதைந்த பங்கால் தண்ணீர் கொள்ளளவு குறைவதால், ஒரு அளவு பெரிய குழாயாகக் கேட்க வேண்டும்.