கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பாடம்

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். சர்ஜன்களுக்குப் புது மருத்துவக் கருவி உருவாக்கக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தபோது, கத்தி பிடிக்கிற ஆட்களுக்கு நான் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று உதறலாகத்தான் இருந்தது.

பாதிப் பேர் முதல் நாளே படம் வரைந்து கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். அப்படி ஒருவர், அறுத்த இடத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டர் ஒன்றை மூன்று இடத்தில் மடங்கும்படி வரைந்துகொண்டு வந்தார். பார்க்க அழகாகவே இருந்தது. இது எந்தத் தொல்லைக்கு சார் என்று கேட்டேன். "20 வருஷமா ஆபரேஷன் பண்றேன், என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும்தான், ஆனால் ஒரு தொல்லையோடு 20 வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு அது தொல்லை என்பதே மறந்துபோயிருக்கும்.

அதனால் நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான்: இன்னொருவர் செய்யும் ஆபரேஷனில் ஓரமாக நின்று பார்க்க வேண்டும், எதையும் தொடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. சர்ஜனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. இவர் நான்காம் நாள் ஒரு தாளோடு வந்தார். வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே பார்க்கும் கேமராக் குழாயான லேப்ராஸ்கோப் உள்ளே போனதும் உடம்பின் சூட்டிலும் ஈரத்திலும் கண்ணாடி மங்குகிறது, இல்லையென்றால் ரத்தம் தெறிக்கிறது, வெளியே எடுத்து வெந்நீர் சலைனில் நனைத்துத் துடைத்து மறுபடி உள்ளே விடுகிறார்கள். ஒரே ஆபரேஷனில் 11 தடவை. நான் பண்ணும்போதும் இப்படித்தானா என்று சிஸ்டரிடம் கேட்டாராம். "உங்களுக்கு இன்னும் கூட சார்" என்றாராம் அவர்.

ரிட்ராக்டர் படம் அத்தோடு மேஜை டிராயருக்குள் போய்விட்டது.

அப்புறம் அந்தத் தொல்லையை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும்: யாருக்கு, என்ன சிக்கல், எது மாறினால் தீர்ந்ததாக அர்த்தம். கருவியின் வாசனையே அதில் வரக் கூடாது. ஸ்டான்ஃபோர்டில் 2001இல் இதய மருத்துவர் பால் யாக் தொடங்கிய, மருத்துவக் கருவி உருவாக்கக் கற்றுத்தரும் பயோடிசைன் பயிற்சியில் வலியுறுத்தும் ஒழுக்கம் இது. இவர் ஒன்பது முறை எழுதினார், எட்டிலும் 'துடைப்பான்' என்ற சொல் எப்படியாவது நுழைந்துவிட்டது. கடுப்பாகி, "ஃபோகார்ட்டி என்ன கிளாஸுக்கா போனார்? கையுறை விரல் நுனியை வெட்டி, தூண்டில் முடிச்சுப் போட்டு பலூன் கத்தீட்டர் பண்ணலையா?" என்றார். பண்ணினார்தான், ரத்தக்குழாய்க்குள் விட்டு நுனி பலூனை ஊதி ரத்தக்கட்டியை இழுத்தெடுக்கும் குழாய் அது. ஆனால் அமெரிக்க சர்ஜனான அந்தத் தாமஸ் ஃபோகார்ட்டி டாக்டர் ஆவதற்கு முன்பே ஆபரேஷன் தியேட்டரில் உதவியாளராக நின்றவர், ரத்தக்கட்டியை எடுக்கிற ஆபரேஷன் முடிந்தும் நோயாளிகள் காலை இழப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், அதைத்தானே சார் நானும் சொல்கிறேன் என்றேன்.

வகுப்பில் சொல்லிப் புரியாத சில விஷயங்கள் உண்டு. லேப்ராஸ்கோப் உள்ளே நுழையும் துளைக்குழாயின் நுனியில் மாட்டுகிற ஒரு சின்னத் துடைப்பானை த்ரீ-டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சடித்து, என்னிடம் கேட்காமல், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்துவிட்டார். அந்த பிளாஸ்டிக் 60 டிகிரிக்கே இளகும், ஆட்டோகிளேவ் 121 டிகிரி. வெளியே வந்தது வாடிய வெற்றிலை மாதிரி இருந்தது. கிருமி நீக்கம் பற்றி நான் வைத்திருந்த நாற்பது ஸ்லைடை அன்றைக்குக் காட்டவே இல்லை.

மருத்துவக் கருவிகளின் அபாயங்களைக் கையாள்வதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14971 சொல்லும் அபாயப் பட்டியல்தான் இவர்களுக்கு எப்போதும் கசப்பு. எது உடையும், உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று வரி வரியாக எழுதியாக வேண்டும். இவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சரி, அந்த சிஸ்டரையும் கூப்பிடுங்கள் என்றேன். அவர் இரண்டாவது மாதிரியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வயிற்றுக்குள்ள கழன்று விழுந்தா எக்ஸ்ரேல தெரியுமா சார்?" என்றார். பஞ்சுத் துணியில்கூட அதற்காகத்தான் ஒரு நூல் வைத்து நெய்கிறார்கள். எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை.

இவர் பேசாமல் பேனாவை எடுத்தார். அடுத்த கூட்டத்திலிருந்து சிஸ்டருக்கும் ஒரு நாற்காலி போட்டோம்.