தாத்தாவின் துப்பாக்கி
வேலூர் அருகே அமிர்திக் காட்டோரத்தில் தாத்தா வைத்திருந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியில், கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ஈயக்குண்டுகளை இட்டு, மறுபடியும் நார் வைத்து இரும்புக் கம்பியால் அவர் இடிப்பதைச் சிறுவனாக மூச்சடக்கிப் பார்த்திருக்கிறேன். அடிக்கட்டையில் அவர் கன்னம் பட்ட இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அவர் வேட்டையை விட்டார், அது சரியென்றே நானும் கருதுகிறேன். ஆனால் காட்டில் நடப்பதை விடவில்லை.

அந்த நடைதான் என்னையும் சவ்வாது மலையில் நடுகற்களை, அதாவது மாண்ட வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்களை, தேட வைத்தது. அங்கே மரத்தடியில் பிள்ளையாராக வணங்கப்படும் புதிய கற்காலக் கற்கோடரிகளை நான் எடுப்பதில்லை. அவை அந்த ஊருக்கு உரியவை. சென்ற வாரம் ஊர்ப் பெரியவர் ஒருவர் அனுமதித்ததால் ஒன்றை விரலால் தடவினேன். தாத்தாவின் அடிக்கட்டை போலவே வழவழப்பாக இருந்தது.