போல்ட்டை வெட்டிக் குறைத்தலும் மரையைச் சீர்செய்தலும்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஆம் தேதிக்கு முன்பே குறுவை வேலைகள் தொடங்கிவிடுவதால், மன்னார்குடிப் பக்கத்தில் கோடையின் பிற்பகுதி பம்புசெட்டுகளைக் கழற்றிப் பூட்டும் காலமாக இருக்கிறது. மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக உள்ள எங்கள் மோனோபிளாக் பம்பைப் புதிய இரும்புச் சேனலின் மேல் அமர்த்த 40 மி.மீ. நீளமுள்ள எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டுகள் தேவைப்பட்டன. ஊர்க் கடையில் 75 மி.மீ. நீளம்தான் இருந்தது. அதை அப்படியே போட்டால் போல்ட்டின் முனை சேனலுக்கு அடியில் சிமெண்ட் மேடையில் முட்டி நிற்கும் என்பதால், வெட்டிக் குறைத்துக்கொள்ள முடிவு செய்தேன்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது மரையின், அதாவது திருகுப் பள்ளங்களின், நீளம். 125 மி.மீ. வரையுள்ள பாதி மரை போல்ட்டுகளில், விட்டத்தின் இரு மடங்கோடு 6 மி.மீ. சேர்ந்த நீளத்துக்கே மரை இருக்கும். எம்10க்கு அது 26 மி.மீ.; 75 மி.மீ. போல்ட்டில் மீதி 49 மி.மீ. வழவழப்பான தண்டு. அதை 40க்கு வெட்டினால் மரையே மிஞ்சாது. வலுவான எஃகாலான 8.8 தரப் போல்ட்டின் தண்டில், மரை வெட்டும் கருவியான சாதாரண டையைக் கொண்டு புதிதாக மரை போடுவது டையின் பல்லை மழுக்கும் வேலை. ஆகவே தலை வரை மரையுள்ள போல்ட்டையே வாங்கினேன்.

வெட்டுவதற்கு முன்பே இரண்டு நட்டுகளை ஏற்றி, வெட்டுமிடத்தைத் தாண்டித் தலைப்பக்கமாக ஒன்றோடொன்று இறுக்கிவிட்டேன். நட்டின் பட்டைப் பக்கங்களை வைஸ் (மேசையில் பொருத்திய இடுக்கி) பற்றிக்கொள்வதால் மரை நசுங்குவதில்லை. அதைவிடப் பெரிய பயன் வெட்டி முடித்த பிறகு தெரியும்: நட்டுகளை வெளியே திருகி எடுக்கும்போது, அவை நல்ல மரையிலிருந்து வெட்டுமுனையை நோக்கி வருவதால், மடங்கிய பிசிறை வெளிப்பக்கம் தள்ளி வழியைச் சீராக்கிவிடுகின்றன. வெட்டிய முனையிலிருந்து நட்டைப் புதிதாக ஏற்ற முயன்றாலோ, அந்தப் பிசிறே நட்டைக் கோணலாக்கி முதல் மரையைக் கெடுத்துவிடும்.

அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஹாக்ஸா பிளேடைப் பல் முன்நோக்கி இருக்குமாறு மாட்டி, குறியிலிருந்து ஒரு மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்தேன். கிரைண்டர் தட்டு விரைவானதுதான். ஆனால் அதன் சூட்டில் முனை நீலம் பாய்வதோடு பிசிறும் தடித்துவிடுகிறது என்பதால், சில போல்ட்டுகளுக்குக் கையால் அறுப்பதையே நான் விரும்புகிறேன். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டைக் கிரைண்டரில் வெட்டுவோர் அந்தப் புகையை மூச்சில் இழுக்காதிருக்க வேண்டும்.

பிறகு வந்தது அரத்தால் ராவும் வேலை. முகத்தைத் தட்டையாக்கி, விளிம்பைச் சுற்றிலும் ஏறக்குறைய 45 பாகைச் சரிவாக, மரையின் அடிப்பள்ளம் வரை ராவினேன். எம்10க்கு அந்த அடிவிட்டம் சுமார் 8.2 மி.மீ. சரிவு இவ்வளவு ஆழம் இறங்கினால்தான் முதல் மரை அரைகுறையாக நில்லாமல் படிப்படியாகத் தொடங்கும். பொறுமை முழுவதும் இங்கே தேவைப்படுகிறது, ஏனெனில் இது சரியாக அமைந்துவிட்டால் டைக்குப் பெரிய வேலை இருப்பதில்லை. பின்னர் எம்10, 1.5 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்) டையில் எண்ணெய் விட்டு, ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்றுப் பின்னே எனத் திருகியதில் மரையில் ஒட்டியிருந்த தூளும் வெளியேறியது. நட்டு இப்போது விரலாலேயே இறுதிவரை ஓடுகிறது.

துத்தநாகத்தில் முக்கியெடுத்த தடித்த பூச்சுப் போல்ட்டாக இருந்திருந்தால் டையைத் தொட்டிருக்க மாட்டேன். அது பூச்சைச் சுரண்டிவிடும், சற்றுப் பெரிய மரையுள்ள அதற்குரிய நட்டே போதும். எப்படியும் வெட்டுமுகம் வெறும் இரும்பு. அதற்குத் துத்தநாகப் பெயிண்ட் அடித்தேன். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் இதைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்ததாகப் பழைய ஆயில் எஞ்சினின் அரை அங்குல விட்வொர்த் (பழைய ஆங்கிலேய அங்குல மரை) போல்ட்டுகள் காத்திருக்கின்றன. அவை அங்குலத்துக்கு 12 மரை, மரையின் கோணம் 55 பாகை. எம்12 போல்ட்டோ 1.75 மி.மீ. பிட்ச், 60 பாகை. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவற்றில் எம்12 டையை ஓட்டினால் மரை முழுவதும் சிதைந்துவிடும் என்பதால், மரை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்து ஒவ்வொன்றையும் பார்த்த பின்பே வைஸில் ஏற்றப்போகிறேன்.