சேறு, கேரியர், ஒரு டிக் டிக்

அக்டோபர் 8, புதன்

சிங்காநல்லூரிலிருந்து ஹோப் காலேஜ் வரைக்கும் ரோடெல்லாம் தண்ணீர். ஆபீஸ் லிஃப்ட் கண்ணாடியில்தான் பார்த்தேன்: இடுப்பிலிருந்து கழுத்துவரை முதுகில் கோடு இழுத்த மாதிரி சேறு. கியர் சைக்கிள் என்று ஆசையாக வாங்கியதற்கு மட்கார்டும் இல்லை, கேரியரும் இல்லை. சூலூரில் அப்புச்சி வைத்திருந்த வண்டிக்கு இரண்டும் கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். சொசைட்டிக்குப் பால் கேன் அந்தக் கேரியரில்தான் போகும்.

அக்டோபர் 11, சனி

சாமான் வாங்கியாச்சு. என் டயர் 35 மி.மீ. மட்கார்டு அதைவிட ஒரு சென்டிமீட்டராவது அகலமாக இருந்தால்தான் ஓரத்தில் தெறிக்காது, அதனால் 45. கேரியரில் 25 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. நான் ஏற்றப்போவது லேப்டாப்பும் தூக்குப்போசியும்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் ஆரம்பித்தது, பொழுதோடதான் நிமிர்ந்தேன். பின்சக்கர அச்சுக்கு மேலே பக்கத்துக்கு ஒரு மரைத்துளைதான் இருக்கிறது. கேரியர் காலும் மட்கார்டுக் கம்பியும் அதையே பங்குபோட வேண்டும். பாரம் தாங்குவது கேரியர், அதனால் அது ஃப்ரேமை ஒட்டி, கம்பி வெளியே. எல்லாம் 5 மி.மீ. தடிமன் போல்ட். ஃப்ரேம் அலுமினியம் என்பதால் முதல் நாலு சுற்று கையாலேயே ஏற்றினேன். கோணலாக ஏறி மரை போனால் அப்புறம் அழ வேண்டியதுதான்.

மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, மிச்சக் கம்பியை ஆக்ஸா பிளேடால் அறுத்து, முனைக்கு ரப்பர் தொப்பி போட்டேன். தொப்பி போடுவதற்குள்ளேயே கெண்டைக்காலில் ஒரு கீறல்.

வலதுபக்கம் 20 மி.மீ. நீள போல்ட் போட்டு முறுக்கியாச்சு. இடதுபக்கம் கேரியர் கால் போய் டிஸ்க் பிரேக் மேல் முட்டுகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே தள்ளினால் தப்பிக்கும். எதை வைத்துத் தள்ளுவது?

அக்டோபர் 13, திங்கள்

கோயம்புத்தூரில் இதற்கெல்லாம் கவலைப்படக் கூடாது. ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்து அளவைச் சொன்னேன். பம்ப் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்த அண்ணன் மெஷினை நிறுத்தாமலேயே கேட்டார்: “ஏனுங் தம்பி, புது சைக்கிளுக்குக் கேரியர் கடைக்காரனே தர மாட்டானுங்களா?” பதில் சொல்லவில்லை. அலுமினியத் துண்டில் 15 மி.மீ. நீளத்துக்கு ஒரு புஷ், அதாவது போல்ட் நுழைகிற குட்டிக் குழாய், பத்தே நிமிடத்தில் கடைந்து கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார், டீக்கென்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன். ராத்திரியே 30 மி.மீ. போல்ட்டோடு மாட்டினேன். கேரியர் காலைக் கொஞ்சம் அகட்டியதும் உட்கார்ந்துகொண்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

டிக். டிக். டிக்.

மட்கார்டில் கல் சிக்கியதோ என்று இரண்டு தடவை இறங்கிப் பார்த்தேன், இல்லை. பெடல் போடாமல் உருட்டினால் சத்தமே இல்லை, மிதித்தால்தான் வருகிறது. அதுவும் காமராஜர் ரோட்டில் வேகம் பிடித்துக் கடைசி கியருக்குப் போகும்போது மட்டும். பிரேக்கைச் சந்தேகப்பட்டேன், புஷ்ஷைச் சந்தேகப்பட்டேன், அந்த அண்ணனைக்கூட ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன்.

வீட்டில் தலைகீழாகக் கவிழ்த்து டார்ச் அடித்தால் வலதுபக்க போல்ட்டின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. செயின் ஓரத்துச் சின்னப் பல்சக்கரத்துக்கு வரும்போது அதில் உரசுகிறது. புஷ் இல்லாத பக்கத்துக்கு 16 மி.மீ. போதும். முனை பளபளவென்று தேய்ந்திருந்தது. செயினுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை.

அக்டோபர் 17, வெள்ளி

போல்ட் மாற்றியபின் சத்தம் இல்லை. இன்று நல்ல மழை, முதுகில் ஒரு பொட்டு சேறு கிடையாது. தூக்குப்போசியில் ரசமும் சிந்தவில்லை. ஆனால் ஷூ இரண்டும் ஊறிப்போச்சு: முன் மட்கார்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது, அதற்குக் கீழே தெறிப்பதெல்லாம் நேராகக் காலுக்குத்தான். அப்புச்சி வண்டியில் அந்த இடத்தில் ஒரு ரப்பர் மடல் தொங்கும். பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் துண்டு ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன்.